புள்ளி விழாத நாள்

வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க மாடிவீட்டில், பின்னேர வெயில் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கலண்டரில் விழுகிறது. மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியதிலிருந்து, கண்ணைத் திருப்பினால் மேனுகாவின் தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் கலண்டரில் ஒரு புள்ளி வைக்கிறாள். அது மருந்து விட்டதால் வருவது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். புள்ளி விழுகிறவரை, காரணமில்லாமல் வருகிற அழுகையையும் மருந்து விட்டதன் தலையில் போட்டுவிடலாம். வேலையால் வந்த கணவன் சேந்தன் சப்பாத்தும் கழற்றாமல் கலண்டரைப் பார்க்கிறான். “இண்டைக்கு ஒரு புள்ளியும் இல்லை. அப்ப சுகமாயிட்டுது, என்ன?” “ஓம்,” என்கிறாள். காலையில் ஊற்றிய பால்தேத்தண்ணீர் அவள் முன்னால் ஆடை படர்ந்திருக்கிறது. கீழே தண்டவாளத்தில் தெஹிவளைக் கோச்சி இரைந்து போகிறது. அவன் உடுப்பு மாற்ற அறைக்குள் போனதும், அவள் கண்களை இடமும் வலமுமாக வேகமாக உருட்டுகிறாள். ஒன்றும் வெட்டவில்லை. கண்ணீரைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை உருட்டுகிறாள்.