மணல் பையை இறக்கிவிட்ட முக்காலி

ஒரு தொலைநோக்கியைத் தாங்க ஒரு முக்காலி இருந்தது. மெல்லிய அலுமினியக் கால்கள். ஒரே கையால் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் காற்றடித்தால் ஆடிவிடும். அதனால் சொந்தக்காரர் தணிகாசலம், பழைய அரிசிப் பையில் மணல் நிரப்பி அதன் நடுக்கொக்கியில் மாட்டிவிடுவார்.

அன்று மாலை நிலாவைப் பார்க்க மைதானத்தில் ஊரே வரிசையில் நின்றது. முக்காலிக்குக் கூச்சமாகிவிட்டது.

"இத்தனை பேருக்கு முன்னால இந்த அரிசிப் பையோட நிக்கணுமா? கொஞ்ச நேரம் இறங்கி இரேன்," என்றது.

பை மறுபேச்சு பேசாமல் நழுவிப் புல்லில் உட்கார்ந்தது.

காற்று வந்தது. முதலில் பார்த்த பெண் கேட்டாள்: "என்ன சார், நிலா தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி ஆடுது?"

தணிகாசலம் நெளிந்தார். பையைத் தானே மாட்டியதால் அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை. "பழைய தொலைநோக்கிம்மா. இதை மாத்தணும்," என்றார்.

தொலைநோக்கி முக்காலியைப் பார்த்தது. முக்காலி வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் புதுத் தொலைநோக்கி வந்து மேலே உட்கார்ந்தது. "எனக்கு முன்னால இருந்தவரை ஏன் அனுப்பிட்டாங்க?" என்று கேட்டது.

"அவர் கொஞ்சம் ஆடுவார்," என்றது முக்காலி.

சொன்ன பிறகுதான், பை மறுபடியும் கொக்கியில் தொங்குவது அதற்கு நினைவு வந்தது. அதே மணல்தான். ஆனாலும் அன்று முழுக்க முக்காலியால் அதைத் தாங்க முடியவில்லை.