பச்சை வால்

"ஐயோ, இது என் கம்பளம்! வித்துடாதீங்க ஹாஜி!"

ஷிராஸ் கடைத்தெருவில் ஹாஜி நுஸ்ரத்தின் கம்பளக் கடைக்குள் ஓடிவந்த நாடோடிப் பெண், விரித்திருந்த கம்பளத்தின் மேல் அப்படியே விழுந்தாள். டெஹ்ரானிலிருந்து கம்பளம் வாங்க வந்திருந்த டாக்டரம்மா பதறிப்போய்த் தேநீரைச் சிந்திக்கொண்டார். வேறு கடையாக இருந்தால் ஆளைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். ஹாஜியோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"யாரும்மா நீ? நிதானமாச் சொல்லு."

"பேரு பரிசாத். கஷ்காய் கூட்டம். என் பொண்ணு கல்யாணத்துக்குன்னு ரெண்டு வருஷம் நெய்தேன். நான் ஆடுகளோட மலையில இருந்தப்ப என் வீட்டுக்காரன் வித்துத் தொலைச்சிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்! மூணு நாளா கடை கடையா ஏறி இறங்குறேன்."

"உன்னோடதுதான்னு எப்படி நம்புறது?" என்றார் டாக்டரம்மா.

பரிசாத் கம்பளத்தின் ஒரு மூலையை இழுத்துக் காட்டினாள். "இந்தப் பறவையைப் பாருங்கம்மா. கூடாரத்தைப் பிரிக்கிற அவசரத்துல நீல நூல் தீர்ந்துபோச்சு. வாலை மட்டும் பச்சையில முடிச்சேன்."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். ஹாஜியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்று மாதமாகக் கடையில் கிடந்த கம்பளத்தில் அந்தப் பச்சை வாலை அவர் அன்றுதான் பார்க்கிறார்! "கெட்டிக்காரி" என்று முணுமுணுத்தார்.

"எனக்கு இது வேண்டாம் ஹாஜி" என்றார் டாக்டரம்மா. " கல்யாணப் பொண்ணோட கம்பளத்துல கால் வைக்க எனக்கு மனசு வராது. இவங்ககிட்டயே குடுத்துடுங்க."

கடையிலேயே உசத்தியான கம்பளம் அது. ஹாஜியோ விருந்தாளியின் தேநீருக்குச் சர்க்கரைக் கட்டியை எண்ணி வைக்கிற ஆசாமி. ஆனால் அன்று அவர் யோசிக்கவே இல்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ தங்கச்சி! என் பொண்ணு கல்யாணம்னு நினைச்சுக்கிறேன்."

தானே சுருட்டிக் கட்டி, அவள் தோளிலும் ஏற்றிவிட்டார். பரிசாத் அழுதுகொண்டே கும்பிடு போடாத குறையாக வெளியேறினாள்.

டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா!" என்று உருகியவர், மூலையில் விலைபோகாமல் கிடந்த இரண்டு கம்பளங்களைப் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் போன் அடித்தது. தரகன் கெராமத்.

அவனைப் பேசவே விடவில்லை ஹாஜி. "அடேய், நீ அனுப்பின பொம்பளை பிரமாதம்டா! போன தடவை வந்தவ மூக்கைச் சிந்தினதோட சரி. இவ அழுததுல நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். கூலியைக் கொஞ்சம் கூடப் போட்டுக் குடு. கம்பளத்தைப் பின்வாசல் வழியாக் கொண்டுவரச் சொல்லு!"

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் கெராமத் சொன்னான்:

"மன்னிச்சுக்குங்க ஹாஜி, இன்னைக்கு அழறதுக்கு ஆளே கிடைக்கலை."