மூணு நிமிஷம் அஞ்சான கதை

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால்தான் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார்.

சமாசாரம் நூலகத்தைப் பற்றியது. அங்கே பின்பக்கத்து அறையில் இருந்த பழைய பேப்பரை ஒழித்து, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒரு மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர், படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் பேசுவார்கள். நூலகர் அம்மா அதை வெட்டி ஒட்டி, வெள்ளிக்கிழமை பாட்காஸ்ட் என்று எல்லாப் பெற்றோர் போனுக்கும் அனுப்புவார். வகுப்பிலும் போட்டுக் கேட்பார்கள்.

இந்த வாரம் பெற்றோர் சங்கத் தலைவர் வந்து மேசையைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்.

"என் பொண்ணு வாயைத் திறந்தா மழை மாதிரி கொட்டுவா. இதுல கேட்டா மாடு அசை போடற மாதிரி இருக்கு. அந்தம்மா என்னமோ பண்றாங்க."

நூலகர் அம்மாவுக்கு நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷத்துக் காகிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வாத்தியார் பார்த்துச் சொன்னால்தான் பேனாவை எடுப்பதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் வாத்தியார் போனார். அறை உள்பக்கம் தாழ். தட்டினார். திறக்க நேரமாயிற்று. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே டிபன் டப்பா திறக்காமல் கிடந்தது. நூலகர் அம்மா அவசரமாகத் திரையை அணைத்தார். அதுவும் பிடிக்கவில்லை.

ஏன் பிள்ளைகள் பேச்சு இழுத்து இழுத்து வருகிறது என்று கேட்டார்.

"மைக் பழசு சார்." முகத்தைப் பார்க்காமல் பதில்.

"மைக் பழசானா கரகரன்னு கேக்கும். பேச்சை நிறுத்தி நிறுத்தியா குடுக்கும்?"

"பழசு சார்."

பொய். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளிடம் முப்பது வருஷமாகக் கேட்ட பொய்யின் அதே குரல். போன வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியையும், பிள்ளைகள் பேசின அசல் பதிவுகளையும் பென் டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். அந்த அம்மா போட்டுக் கொடுத்தார்.

"அசலைப் பிள்ளைங்க எதிர்ல மட்டும் போட்டுடாதீங்க சார்."

மடியில் கனம், வேறென்ன. வாத்தியார் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் மகளின் அசல், மூணு நிமிஷம். வெளியே போனது, அஞ்சு நிமிஷம்.

வெட்டினால் குறைய வேண்டும். இது வளர்ந்திருக்கிறது.

திரையில் பேச்சு அலை அலையாக ஓடியது. நடுநடுவே வெறும் கோடு. சத்தமில்லாத இடம். வாக்கியத்துக்கு நடுவில், சில இடத்தில் வார்த்தைக்கே நடுவில். எண்ணினார். இருபத்து மூன்று. கை தவறி நடந்ததல்ல. அந்த அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொருகியிருக்கிறார்.

வஞ்சம் என்று முடிவு கட்டினார். போன கூட்டத்தில் நூலகத்தில் தூசி என்று தலைவர் எல்லார் எதிரிலும் கத்தியிருந்தார். அதற்குப் பழி.

இரண்டாவது பெண்ணைப் போட்டார். அங்கேயும் மூணு நிமிஷம் அஞ்சாகியிருந்தது. இருபத்து மூன்று இடைவெளி. மூன்றாவதும் அப்படியே. இவர்கள் அப்பாக்கள் யாரும் தூசியைப் பற்றிப் பேசவில்லையே. வாத்தியாருக்குக் கணக்கு உதைத்தது.

நாலாவது. அசல் அஞ்சு நிமிஷம். வெளியே போனதும் அஞ்சு நிமிஷம். ஒரு இடத்தில்கூடக் கை வைக்கவில்லை.

ஓகோ. இவளுக்கு மட்டும் செல்லம். சொந்தக்காரப் பெண்ணாக இருக்கும். யாரென்று பார்ப்போம் என்று ஓடவிட்டார்.

மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் உட்காரும் பெண்.

அவர் வகுப்புதான். வருஷ ஆரம்பத்தில் ஒரு தரம் எழுப்பி வாய்ப்பாடு கேட்டார். சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. "நேரமாகுது, உக்காரு. அடுத்தவ சொல்லு" என்றார். அப்புறம் அவளை எழுப்பவில்லை. அவள் யாரோடும் பேசி அவர் பார்த்ததுமில்லை.

இங்கே பேசினாள். ஒரு வார்த்தை. நின்றது. அடுத்தது பாதியில் நின்றது. மூச்சு விட்டாள். மறுபடி பிடித்தாள். முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

வழக்கம் விடவில்லை. வாத்தியார் எண்ணியிருந்தார். நின்ற இடம், இருபத்து மூன்று.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை முதலிலிருந்து போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு பேரும் நின்று நின்றுதான் பேசினார்கள். இதில் திக்குகிறவள் யாரென்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

சாயங்காலம் தலைமையாசிரியை அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"என்ன சார், கண்டுபிடிச்சீங்களா?"

"மைக் பழசு மேடம்."

"அவ்வளவுதானா? அப்ப புதுசு ஒண்ணு வாங்கிடலாமே."

"வேணாம். இன்னும் ஒரு வருஷம் இதுவே இருக்கட்டும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தம்மாவும்."