கம்மாய்க்கரை வளைவு

மூன்றாவது தடவையும் காரின் பின்பக்கம் கம்மாய்த் தண்ணீரை நோக்கிச் சறுக்கியது.

டிரைவர் ராக்கன் குதித்து இறங்கினான். இருபது வருஷம் லாரி ஓட்டியவன். வேட்டியெல்லாம் செம்மண் சேறு.

"வித்துருங்க செட்டியாரே! வளைவுல சறுக்குனா ஆக்ஸிலேட்டர்லேருந்து சட்டுன்னு காலை எடுக்கணும். எந்த வண்டியும் அடங்கிரும். இது என்னடான்னா, எடுத்தவொடனே வாலைச் சுழட்டுது!"

லாரியைப் பின் சக்கரம் தள்ளும். இந்தப் பிரெஞ்சுக் காரை முன் சக்கரம் இழுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ராக்கனின் காலுக்கு அது தெரியவில்லை.

கண்ணப்பன் செட்டியார் பாண்டிச்சேரியில் ஆசையாக வாங்கிய கார். வாங்கிய மாதமே பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். ஷெட்டில் பூட்டி வைக்கச் சொல்லி மூன்று வருஷம். திரும்பி வந்து நாலு நாள்தான்.

மழைச் சேற்றில் இந்த வளைவைத் தாண்டினால் கார் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் இன்று மத்தியானமே திருமயத்துப் புரோக்கரிடம் போய்விடும். மனைவி சீதையிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

திரும்பிப் பார்த்தால் சீதை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு சீதை! இருபது வருஷ சர்வீசுக்கே அடங்கல."

"அந்த இருபது வருஷந்தாங்க கெடுக்குது."

கார் சீறியது.

வளைவு. சேறு. சறுக்கல்.

கரையில் நின்ற ராக்கனின் வலது கால் தன்னையறியாமல் தரையை விட்டு எழும்பியது.

சீதையின் கால் அசையவில்லை. ஆக்ஸிலேட்டரை அதே அழுத்தத்தில் வைத்து, போகவேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். முன் சக்கரங்கள் சேற்றைக் கவ்வின. இழுத்தன. பின்பக்கம் மறுபேச்சில்லாமல் தொடர்ந்தது.

தாண்டிவிட்டது!

கண்ணப்பன் குடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் நாலைந்து பேர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கார் நின்றதும் முத்தாள் என்பவள், காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தானே பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"என்ன ஆச்சி, செவ்வாக்கெழமைன்னா எட்டு மணிக்கெல்லாம் டாண்ணு வந்துருவீங்க. இன்னைக்கி இம்புட்டு நேரம்?"

மூச்சிரைக்க வந்து நின்ற கண்ணப்பனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். பாவமாக இருந்தது போல. நகர்ந்து இடம் விட்டாள்.

"அய்யாவும் ஆஸ்பத்திரிக்கா? ஏறுங்க. பயப்படாதீங்க, நம்ம ஆச்சி நல்லா ஓட்டும்."