இரண்டு கை உப்பு

அஸர் தொழுகை நேரம் தாண்டிய பின்னேர வெயில் கஞ்சிப் பானையின் ஆவியில் மங்கி நிற்கிறது. சுபைறா உப்புப் போட்டது தெரியாமல் புருஷன் மீராசாவும் ஒரு கை போட்டுவிட்டார். நோன்பு வாயோடு யாரும் ருசி பார்க்கவில்லை. பானை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கிறது, உப்புக் குறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற இடமில்லை. இப்போது அவர் உருளைக்கிழங்கை வெட்டி வெட்டிப் போடுகிறார். "கிழங்கு எல்லா உப்பையும் இழுத்திரும்." உயிரியல் படிக்கும் மகள் முஸ்பிறா இஞ்சி தட்டுவதை நிறுத்துகிறாள். "இழுக்காது வாப்பா. உப்பு தானாப் போய், ரெண்டு பக்கமும் சமனானா நிண்டுரும். அதுக்கு மேலயும் கிழங்குக்குள்ள ஏத்திறண்டா சக்தி செலவாகும்." சுபைறா அகப்பையைப் பானையில் ஓங்கித் தட்டுகிறாள். "சக்திக்கு நான் எங்க போற, மகள்? விடிய முந்தி ஸஹருக்குத் திண்ட சோறு உங்கட வாப்பாவோட கதைச்சே முடிஞ்சு போச்சு."