முதலில் தேடும் இடம்

"அக்கா, இந்த சி புரோகிராமைக் கம்பைல் பண்ணேக்க, அதுக்குத் தேவையான ஹெடர் ஃபைல்களை முதல்ல 'சுகிர்தன்' எண்ட ஃபோல்டரிலதான் தேடுது. அப்பிடியொரு ஃபோல்டரே இல்லையே?" என்றான் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிரதீஸ்.

"ஓம். அங்க இல்லையெண்டா அது பேசாம அடுத்த ஃபோல்டருக்குப் போகும்," என்றாள் துஷாந்தினி.

"சுகிர்தன் ஆர், முந்தி இங்க வேலை செய்தவரோ?"

"ஓம். இதை எழுதினதே அவர்தான்."

"அப்ப தேடுற இடங்களில இருந்து அந்த ஃபோல்டரின்ர பேரை அழிச்சுவிடட்டே?"

"வேண்டாம், கிடக்கட்டும்."

மாலையில் வெள்ளவத்தை பிளாட்டின் கதவைத் திறந்தவள், சுகிர்தன் வழக்கமாக இருக்கும் ஜன்னலோரக் கதிரையை முதலில் பார்த்தாள். கணவன் செத்து ஒரு வருசமாகியும் கண் அங்கேதான் போகிறது.

அங்கே இல்லை. பேசாமல் அடுத்த அறைக்குப் போனாள்.