மாதம் மூன்று

எங்கள் பொலிஸ் நிலையத்தில் மாதம் மூன்று கொலைதான் பதியலாம். மூன்றாவதைப் பதிந்ததும் கணினியில் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு எத்தனை தரம் தட்டினாலும் திறக்காது. நாட்டில் வன்முறை கூடவில்லை என்று வாசலில் உள்ள மின்திரை ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாகபூசணி அக்கா போன மாதம் இருபத்தாறாம் திகதி வந்தா. மூத்த மகனைச் சந்தியில் வைத்து வெட்டிக் கொன்றிருந்தார்கள்.

"மூண்டும் முடிஞ்சுது அக்கா. விபத்து எண்டு போட்டால் இப்பவே உடலை எடுக்கலாம். கொலையெண்டால் முதலாம் திகதிதான்" என்றேன்.

"கொலையெண்டே போடுங்கோ தம்பி. முதலாம் திகதி வாறன்."

பிள்ளை ஐந்து நாள் பிணவறையில் கிடந்தான்.

இன்று முதலாம் திகதி. விடிய ஐந்து மணிக்கே அக்கா வந்துவிட்டா. அப்படியும் அவவுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். மூன்றாவது ஆளின் கணவரைப் பதிந்தேன். கட்டம் சாம்பலானது.

அக்கா அழவில்லை. "அப்ப விபத்து எண்டே போடுங்கோ" என்றா. போட்டேன். கையெழுத்து வைத்தா. ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"தம்பி, அடுத்த மாதத்துக்கு இப்பவே ஒரு இடம் பிடிச்சு வைக்கலாமோ?"

"ஆருக்கு?"

"சின்னவனுக்கு. விபத்தெண்டால் ஆரையும் பிடிக்கமாட்டியள்தானே. வெட்டினவங்களை அவன் கண்டவன்."